கடை வெப்சைட்டுக்குப் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்: மேலே உள்ள எண்ணை விடுங்கள், கீழே உள்ள பட்டியலைப் படியுங்கள்

வெப்சைட் ஏன் இவ்வளவு மெதுவாகத் திறக்கிறது என்று ஒரு கடைக்காரர் கேட்டால், அவரை முதலில் அனுப்ப வேண்டிய இடம் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ். காசு இல்லை, கணக்குத் திறக்கத் தேவையில்லை, எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். பேஜ்ஸ்பீட் டாட் வெப் டாட் டெவ் என்ற முகவரிக்குப் போய், கடைப் பக்கத்தின் முகவரியை ஒட்டி, 'அனலைஸ்' பொத்தானை அழுத்தினால் சற்று நேரத்தில் அறிக்கை வந்துவிடும். மொபைலுக்கு ஒன்று, டெஸ்க்டாப்புக்கு ஒன்று என்று இரண்டு தாவல்கள் இருக்கும்.

கருவி நல்லது. ஆனால் அதை எல்லோரும் படிக்கும் முறை தவறு. வட்டத்துக்குள் பெரிதாக ஒரு எண் வருகிறது. அது சிவப்பா, ஆரஞ்சா, பச்சையா என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அந்த எண்ணுக்குக் கீழே இருக்கும் பட்டியல்தான் கடைக்காரருக்கு உதவுவது. எந்தப் படம் எத்தனை கேபி, எந்த ஸ்கிரிப்ட் (பக்கத்தில் ஓடும் நிரல்) எத்தனை மில்லிநொடி பக்கத்தை நிறுத்தி வைக்கிறது, எது எதற்காகக் காத்திருக்கிறது என்றெல்லாம் கோப்பின் பெயரோடு சொல்கிறது. இவ்வளவு துல்லியமான பழுதுப் பட்டியலை வெளியே யாராவது எழுதித் தந்தால் அதற்குத் தனியாக ஒரு பில் வரும்.

பேச்சுக்கு ஒரு கடையை வைத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா விற்கும் கடை. வேர்ட்பிரஸ் என்ற வெப்சைட் கட்டும் மென்பொருளில் ஐந்தாறு பக்கங்கள்: முகப்பு, பொருட்கள், விலை, கூரியர் விவரம், தொடர்புக்கு. முகப்பில் மூன்று படம் ஓடும் ஸ்லைடர், கீழே கூகுள் மேப், ஓரத்தில் வாட்ஸப் சாட் பெட்டி. நம் ஊர்களில் சிறுகடை வெப்சைட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. இதை அந்தக் கருவியில் போட்டால் என்ன தெரியும், எது தெரியாது என்று பார்ப்போம்.

மேல் பாதியும் கீழ்ப் பாதியும்

அறிக்கையின் மேல் பகுதி உண்மையான பயனர்களின் அனுபவம். குரோம் பிரவுசரில் அந்தத் தளத்தைத் திறந்தவர்களிடமிருந்து கடந்த 28 நாட்களில் சேர்ந்த தகவல் அது. நூறு வருகைகளை வேகமானதிலிருந்து மெதுவானதுவரை வரிசைப்படுத்தினால் 75ஆவது வருகைக்கு என்ன நடந்ததோ, அதைக் காட்டும். மூன்று அளவுகளே முக்கியம். எல்.சி.பி., அதாவது திரையில் உள்ள மிகப் பெரிய படமோ எழுத்துத் தொகுதியோ தெரிய ஆகும் நேரம், 2.5 நொடிக்குள் இருக்க வேண்டும். ஐ.என்.பி., தொட்டால் பக்கம் பதில் சொல்ல ஆகும் நேரம், 200 மில்லிநொடிக்குள். சி.எல்.எஸ்., படிக்கும்போது பக்கம் குதிக்கும் அளவு, 0.1க்குள். ஐ.என்.பி. 2024 மார்ச்சில்தான் பழைய எஃப்.ஐ.டி. அளவின் இடத்துக்கு வந்தது, எஃப்.ஐ.டி. பற்றிப் பேசும் வழிகாட்டிகள் பழையவை.

ஆனால் பால்கோவா கடைக்கு இந்தப் பகுதி பெரும்பாலும் காலியாக இருக்கும். போதுமான வருகை இல்லாத தளத்துக்குத் தகவல் இல்லை என்றே காட்டும். இது பழுது அல்ல, பயப்பட வேண்டாம். சிறுகடையின் வெப்சைட்டுக்கு இது இயல்பு. ஒரு பக்கத்துக்குப் போதிய தகவல் இல்லாவிட்டாலும் தளம் முழுவதற்கும் சேர்த்து இருந்தால் அதைக் காட்டும். அதுவும் இல்லையென்றால் கீழ்ப் பாதிதான் கதி.

கீழ்ப் பாதி ஆய்வுக்கூடச் சோதனை. கூகுளின் கணினி ஒன்று, லைட்ஹவுஸ் என்ற மென்பொருளைக் கொண்டு, நடுத்தர விலை ஆண்ட்ராய்டு ஃபோன் போல நடித்து உங்கள் பக்கத்தைத் திறக்கிறது. மொபைல் தாவலில் அது எடுத்துக்கொள்ளும் நெட் வேகம் நொடிக்கு 1.6 மெகாபிட். போய்த் திரும்பும் தாமதம் 150 மில்லிநொடி. பிராசசர் நான்கு மடங்கு மெதுவாக்கப்படும். ஊரில் ஃபைவ்ஜி வந்துவிட்டதே, இது அநியாயமில்லையா என்று சிலர் கேட்கிறார்கள். பஸ்ஸில் போய்க்கொண்டே, சிக்னல் ஒரு கோடு இருக்கும்போது கடையைத் தேடுபவரும் வாடிக்கையாளர்தான். அவரை வைத்து அளப்பது சரி என்றே நினைக்கிறேன்.

இதிலிருந்து ஒரு கணக்கு கிடைக்கிறது. 1.6 மெகாபிட் என்பது நொடிக்கு 200 கேபி. ஆக, பக்கத்தில் ஏற்றும் ஒவ்வொரு 200 கேபிக்கும் ஏறக்குறைய ஒரு நொடி. ஃபோனில் எடுத்த 4 எம்.பி. ஃபோட்டோவை அப்படியே வைத்தால் அது ஒன்றுக்கே 20 நொடி. இந்தக் கணக்கு தலையில் இருந்தால் அறிக்கையில் பாதி விளக்கமே வேண்டாம்.

எண் ஏன் ஆடுகிறது

90 முதல் பச்சை, 50 முதல் 89 வரை ஆரஞ்சு, அதற்குக் கீழே சிவப்பு. இந்த எண் ஐந்து அளவுகளின் கூட்டு: பக்கம் தொடுதலுக்கு உறைந்து நிற்கும் நேரமான டி.பி.டி.க்கு 30 சதவீதம், எல்.சி.பி.க்கு 25, சி.எல்.எஸ்.ஸுக்கு 25, முதல் எழுத்தோ படமோ தெரியும் நேரத்துக்கு 10, திரை நிரம்பும் வேகத்துக்கு 10. ஒரே பக்கத்தை அடுத்தடுத்துச் சோதித்தாலும் எண் மாறும். வெப்சைட் இருக்கும் ஹோஸ்டிங் சர்வர் அந்த நேரம் எப்படி இருந்தது, சோதனை எந்தக் கண்டத்துக் கூகுள் மையத்திலிருந்து நடந்தது என்பதெல்லாம் பாதிக்கும். மதுரையிலிருந்து நடப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நிமிட இடைவெளி விட்டு ஐந்து முறை ஓட்டி, நடுவில் வரும் எண்ணை எழுதி வைப்பதுதான் முறை. 61 வந்தது, ஒரு பிளகின்னை (வேர்ட்பிரஸ்ஸில் சேர்க்கும் கூடுதல் மென்பொருளை) எடுத்ததும் 66 ஆனது என்பதற்கு ஒரே ஒரு சோதனையை வைத்து அர்த்தம் சொல்ல முடியாது.

வெப்சைட் செய்து தருபவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் முதலில் எந்தத் தாவல் என்று பாருங்கள். டெஸ்க்டாப் தாவலில் நெட் வேகம் பல மடங்கு கூட, பிராசசரும் மெதுவாக்கப்படுவதில்லை; 95 எடுக்கும் பக்கம் மொபைலில் 40 எடுக்கலாம். ஸ்கிரீன்ஷாட்டை ஏற்காமல் அறிக்கையின் இணைப்பையே கேளுங்கள். ஒவ்வொரு அறிக்கைக்கும் பகிரக்கூடிய முகவரி உண்டு. இன்னொன்று: சோதனை கொடுத்த ஒரு பக்கத்துக்கு மட்டும்தான். முகப்பு பச்சையாக இருந்து, அறுபது படம் உள்ள பொருட்கள் பக்கம் சிவப்பாக இருப்பது மிகச் சாதாரணம். முகப்பு, பொருட்கள், தொடர்புக்கு மூன்றையும் தனித்தனியாகப் போடுங்கள்.

படங்கள்: பாதி வேலை இங்கேதான்

எல்.சி.பி. சிவப்பாக இருந்தால் அறிக்கையில் அந்த 'மிகப் பெரிய பொருள்' எது என்று கருவியே காட்டும். கடை வெப்சைட்டில் அது பெரும்பாலும் ஸ்லைடரின் முதல் படம்.

அந்தப் படம் எத்தனை பெரிதாக இருந்தால் போதும்? சோதனை ஃபோனின் திரை அகலம் 412 பிக்சல், அடர்த்தி 1.75. பெருக்கினால் சுமார் 720. அதாவது திரை முழுக்க நிற்கும் படத்துக்கே 720 பிக்சல் அகலம் போதும். ஃபோன் கேமரா தருவது 4000க்கு 3000. வேர்ட்பிரஸ் 2019ஆம் ஆண்டு வந்த 5.3 பதிப்பிலிருந்து 2560 பிக்சலுக்கு மேல் உள்ள படத்தைத் தானே சுருக்குகிறது. கூடவே 300, 768, 1024, 1536 என்று பல அளவுகளில் நகல் எடுத்து வைத்து, திரைக்கு ஏற்றதை பிரவுசரே எடுத்துக்கொள்ளும்படி விடுகிறது. 768 அளவு நம் 720க்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. பிறகு ஏன் எல்லாத் தளங்களும் கனமாக இருக்கின்றன?

மூன்று காரணங்கள். முதலாவது, ஸ்லைடரும் பேஜ் பில்டரும் (பக்கத்தை இழுத்து வைத்துக் கட்டும் பிளகின்) படத்தைப் படமாக வைக்காமல் சி.எஸ்.எஸ். (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் கோப்பு) பின்னணியாக வைப்பது. பின்னணிப் படத்துக்கு இந்தப் பல அளவு ஏற்பாடு தானாக வேலை செய்யாது; முழு அளவே இறங்கும். மேலும் பிரவுசர் பக்கத்தின் அடிப்படை ஆவணமான எச்.டி.எம்.எல்.லைப் படிக்கும்போது அந்தப் படம் அதன் கண்ணில் படாது, சி.எஸ்.எஸ். கோப்பு வந்து சேர்ந்த பிறகுதான் தெரியும். அறிக்கையில் 'படம் முதல் ஆவணத்தில் கண்டறியக்கூடியதா' என்ற வரியில் சிவப்புக் குறி இருந்தால் இதுதான் விஷயம். 

இரண்டாவது, ஃபோட்டோவை பி.என்.ஜி. ஆகச் சேமிப்பது. பி.என்.ஜி. லோகோவுக்கும் வரைபடத்துக்கும் உரியது. ஃபோட்டோவை அதில் சேமித்தால் ஜேபெக்கை விடப் பல மடங்கு கனக்கும். இது எப்படி நடக்கிறது என்றால், கடைக்காரர் படங்களை வாட்ஸப்பில் அனுப்புகிறார், வாட்ஸப் அதைச் சுருக்கித் தரத்தைக் குறைக்கிறது, டிசைனர் அதன் மேல் எழுத்து சேர்த்து பி.என்.ஜி. ஆக எடுக்கிறார். மங்கலான படம், அதோடு 3 எம்.பி. எடை. வாட்ஸப்பில் அனுப்பும்போது ஃபோட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பினால் மூலப்படம் அப்படியே போகும்.

மூன்றாவது காரணம், வேகத்துக்கென்று போட்ட பிளகின். லேசி லோடிங் என்பது கீழே உள்ள படங்களை உருட்டும்போது மட்டும் இறக்கும் ஏற்பாடு. நல்லதுதான். ஆனால் சில பிளகின்கள் முகப்பின் முதல் படத்தையும் அப்படித் தள்ளிப்போடுகின்றன. வாடிக்கையாளர் முதலில் பார்க்க வேண்டிய படம் கடைசியில் வரும். கருவி இதை நேரடியாகச் சொல்லும். பிளகின் செட்டிங்கில் முதல் படத்தை விலக்கி வைக்க இடம் இருக்கும். அல்லது பிளகின்னையே எடுத்துவிடலாம், ஏனென்றால் வேர்ட்பிரஸ் 5.5இலிருந்தே லேசி லோடிங் உள்ளுக்குள் இருக்கிறது. 6.3 பதிப்பிலிருந்து முதல் பெரிய படத்துக்கு முன்னுரிமைக் குறியையும் அதுவே போடுகிறது.

வேலை எளிது. ஸ்குவூஷ் என்ற இலவசத் தளத்தைத் திறந்து படத்தைப் போடுங்கள். படம் உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது, பிரவுசருக்குள்ளேயே நடக்கும். அகலம் 1600 (ஃபோனுக்கான சிறிய நகலை வேர்ட்பிரஸ்ஸே எடுக்கும்), கோப்பு வடிவம் வெப்பி, தரம் 75. பெரும்பாலான பொருள் படங்கள் 250 கேபிக்குள் வந்துவிடும். பட்டுப்புடவை ஜரிகை மாதிரி நுணுக்கம் கூடிய படங்கள் சற்று அதிகம் வரும். அங்கே தரத்தைக் குறைத்து ஜரிகையை மங்கவைப்பதைவிட அகலத்தை 1200 ஆக்குவது நல்லது. வெப்பி படங்களை வேர்ட்பிரஸ் 5.8 முதல் நேரடியாக ஏற்கிறது.

ஸ்லைடர் வேண்டவே வேண்டாம் என்பது என் தீர்ப்பு. முதல் படம் மட்டும் பார்க்கப்படுகிறது. மற்ற இரண்டுக்கும் சேர்த்து வாடிக்கையாளர் டேட்டா செலவாகிறது. அதை ஓட்டும் ஸ்கிரிப்ட் டி.பி.டி.யையும் கெடுக்கிறது. ஒரே நல்ல படம், அதன் கீழே எழுத்தாகக் கடையின் பெயர், ஃபோன் எண். போதும்.

தமிழ் எழுத்துரு: கருவி பாதி மட்டும் சொல்வது

தீம்கள், அதாவது வெப்சைட்டின் தோற்ற அமைப்புகள், லத்தீன் எழுத்துரு ஒன்றைப் பல தடிமன்களில் இறக்குகின்றன. அதில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இருக்காது. பக்கம் முழுக்கத் தமிழ் என்றால் அந்த எழுத்துரு ஃபோன் எண்ணையும் விலையையும் காட்டுவதற்காக மட்டும் இறங்குகிறது. தமிழுக்கு ஃபோனிலேயே உள்ள எழுத்துருதான் பயன்படுகிறது. கருவி 'எழுத்துருவால் இத்தனை தாமதம்' என்று சொல்லும், அந்த எழுத்துருவால் உங்களுக்குப் பயனே இல்லை என்று சொல்லாது.

ஆண்ட்ராய்டில் தமிழுக்கு நோட்டோ குடும்ப எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. அதையே கூகுள் ஃபாண்ட்ஸிலிருந்து மறுபடி இறக்குவது வீண். சிறுகடைக்குச் சரியான முடிவு, தீம் செட்டிங்கில் 'சிஸ்டம் ஃபாண்ட்' தேர்ந்தெடுப்பது. தனித் தமிழ் எழுத்துரு கட்டாயம் வேண்டுமென்றால் தலைப்புக்கு மட்டும், ஒரே தடிமனில் வையுங்கள். அப்போதும் ஒரு சிக்கல்: முதலில் ஃபோன் எழுத்துருவில் தெரிந்து, பிறகு புதிய எழுத்துருவுக்கு மாறும்போது தமிழ் வரியின் உயரமும் நீளமும் மாறும், இரண்டு வரித் தலைப்பு மூன்று வரியாகி, கீழே உள்ளதெல்லாம் இறங்கும். அது சி.எல்.எஸ்.ஸில் தெரியும். காரணத்தைத் தேடுபவர்கள் படத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

மேப், வீடியோ, சாட் பெட்டி

டி.பி.டி. சிவப்பாக இருந்தால் 'மூன்றாம் தரப்பு' என்ற பகுதியைத் திறங்கள். கூகுள் மேப், யூட்யூப், சாட் பெட்டி, விளம்பரத்துக்கான ஃபேஸ்புக் பிக்சல், பார்வையாளர் கணக்கு என்று ஒவ்வொன்றும் எத்தனை கேபி, எத்தனை மில்லிநொடி என்று வரிசையாக இருக்கும். கூகுளின் கருவி கூகுளின் மேப்பையே குற்றம் சொல்வதைப் பார்க்கலாம். அந்த வகையில் பாரபட்சம் இல்லாத கருவி.

பதிக்கப்பட்ட மேப் பல நூறு கேபி ஸ்கிரிப்ட்டை இழுத்து வருகிறது. கடைக்கு வழி தேடுபவர் எப்படியும் ஃபோனின் மேப் செயலியில்தான் திறப்பார். ஆகவே பதிப்பை எடுத்துவிட்டு, மேப்பில் 'ஷேர்' கொடுத்து வரும் இணைப்பை 'மேப்பில் வழி காட்டு' என்ற பொத்தானாக வையுங்கள். கூடவே, 'பேருந்து நிலையத்திலிருந்து வரும்போது இடப்பக்கம்' என்பதுபோல ஒரு வரி எழுதினால் மேப்பைவிட உதவும். மேப்பைப் பக்கத்திலேயே வைத்தாக வேண்டும் என்றால் தொடர்புப் பக்கத்தில் மட்டும், லேசி லோடிங்கோடு.

யூட்யூப் வீடியோவும் இப்படியே. வீடியோவின் முகப்புப் படத்தை மட்டும் வைத்து, தொட்டால் திறக்கும்படி இணைப்புக் கொடுத்தால் பிளேயர் ஸ்கிரிப்ட் பக்கம் திறக்கும்போது இறங்காது.

வாட்ஸப் சாட் பெட்டிக்கு ஒரு பிளகின்னே தேவையில்லை. டபிள்யூ ஏ டாட் எம் இ என்று எழுதி, சாய்கோடு போட்டு, 91 சேர்த்த பத்து இலக்க எண். கூட்டல் குறி வேண்டாம், முன்னால் பூஜ்ஜியம் வேண்டாம், இடைவெளி வேண்டாம். இந்த ஒரு இணைப்பு பிளகின் செய்யும் அதே வேலையைச் செய்யும். கூட்டல் குறியோ பூஜ்ஜியமோ இருந்தால் இணைப்பு திறக்காமல் போகலாம். கருவி இதைக் கண்டுபிடிக்காது, நீங்கள்தான் தொட்டுப் பார்க்க வேண்டும்.

பக்கம் குதிப்பது

'தீபாவளி சலுகை, 1 கிலோவுக்கு மேல் கூரியர் இலவசம்' என்று பக்க உச்சியில் ஒரு பட்டை தாமதமாக வந்து எல்லாவற்றையும் கீழே தள்ளினால் சி.எல்.எஸ். ஏறும். வாடிக்கையாளர் 'அழைக்க' பொத்தானைத் தொடப்போகும் நேரத்தில் அது நகர்ந்து, வேறெதையோ தொட்டுவிடுவார். பட்டையைப் பிளகின் மூலம் போடாமல் தீமின் தலைப்பகுதியிலேயே எழுத்தாக எழுதினால் முதலிலேயே இடம் பிடித்துக்கொள்ளும். படங்களுக்கு அகலமும் உயரமும் எச்.டி.எம்.எல்.லில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். கையால் எழுதிய பழைய தளங்களில் இது விடுபட்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஆய்வுக்கூடச் சோதனை பக்கம் இறங்கும்வரைதான் பார்க்கிறது, உருட்டிப் பார்ப்பதில்லை. கீழே உருட்டும்போது நடக்கும் குதிப்பு இதில் வராது. ஆகவே சி.எல்.எஸ். 0 என்று காட்டினாலும் ஒரு முறை ஃபோனில் கடைசிவரை உருட்டிப் பாருங்கள்.

ஹோஸ்டிங்

சர்வர் முதல் பதில் தர 600 மில்லிநொடிக்கு மேல் எடுத்தால் கருவி குறை சொல்லும். படத்தையெல்லாம் சரிசெய்த பிறகும் இது சிவப்பாக நின்றால் முதலில் ஒரு கேஷ் பிளகின் (தயாரான பக்கத்தைச் சேமித்து வைத்துத் தருவது) போடுங்கள். ஹோஸ்டிங் லைட்ஸ்பீட் சர்வராக இருந்தால் லைட்ஸ்பீட் கேஷ். இல்லையென்றால் டபிள்யூபி சூப்பர் கேஷ் போதும். இரண்டு கேஷ் பிளகின்களை ஒன்றாகப் போடக் கூடாது. ஒன்று சேமித்ததை மற்றது திரும்பச் சேமித்து, விலை மாற்றினாலும் பழைய விலையே தெரியும். கேஷ் போட்ட பிறகும் மாறவில்லையென்றால் ஹோஸ்டிங்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

முகவரி திருப்பிவிடப்பட்டது என்ற மஞ்சள் எச்சரிக்கை அறிக்கையின் மேலே வந்தால் கவனியுங்கள். பூட்டு இல்லாத எச்.டி.டி.பி. முகவரி, எச்.டி.டி.பி.எஸ். முகவரிக்குப் போய், அங்கிருந்து டபிள்யூ டபிள்யூ டபிள்யூ உள்ளதற்குப் போகிறது என்றால் இரண்டு திருப்பம். தாமதம் 150 மில்லிநொடி உள்ள நெட்டில் புதிய இணைப்புக்கான கைகுலுக்கல்களையும் சேர்த்தால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் அரை நொடிகூடப் போகலாம். விசிட்டிங் கார்டிலும் கூகுள் பிசினஸ் புரொஃபைலிலும் கடைசி முகவரியையே கொடுத்துவிட்டால் திருப்பமே இல்லை.

எஸ்.இ.ஓ. 100 என்பதற்கு என்ன பொருள்

வேகத்தைத் தவிர அணுகல்தன்மை, நல்ல நடைமுறைகள், எஸ்.இ.ஓ. (தேடுபொறிக்கு ஏற்றதாக இருப்பது) என்று மூன்று எண்கள் வருகின்றன. எஸ்.இ.ஓ. 100 வந்ததைக் காட்டிப் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்த எண்ணுக்கும் கூகுள் தேடலில் எத்தனையாவதாக வருவோம் என்பதற்கும் தொடர்பு இல்லை. தலைப்பு இருக்கிறதா, விளக்க வரி இருக்கிறதா, தேடுபொறி தடுக்கப்பட்டிருக்கிறதா என்பதுபோலச் சில அடிப்படைச் சோதனைகளின் தேர்ச்சி மட்டுமே அது. விளக்க வரியில் 'ஜஸ்ட் அனதர் வேர்ட்பிரஸ் சைட்' என்று இருந்தாலும் தேர்ச்சிதான்.

இருந்தாலும் ஒரு சோதனை தங்கம். வேர்ட்பிரஸ்ஸில் செட்டிங்ஸ், ரீடிங் பகுதியில் தேடுபொறிகளைத் தடுக்கச் சொல்லும் ஒரு டிக் பெட்டி உண்டு. தளம் கட்டும்போது டிக் செய்துவிட்டு, வெளியிடும்போது எடுக்க மறந்துவிடுவார்கள். மாதக்கணக்கில் கடை கூகுளில் வராமலே இருக்கும். கருவி இதை முதல் சோதனையிலேயே சிவப்பில் காட்டிவிடும்.

தமிழுக்கென்று ஒரு நல்ல விஷயமும் உண்டு. இணைப்பின் எழுத்து பொருளுள்ளதா என்று பார்க்கும் சோதனையில் 'மேலும் அறிக', 'இங்கே கிளிக் செய்யவும்' போன்ற தமிழ்த் தொடர்களையும் லைட்ஹவுஸ் பட்டியலில் வைத்திருக்கிறது. அவற்றுக்குப் பதில் 'பால்கோவா விலைப் பட்டியல்' என்று எழுதினால் தேறிவிடும், வாசிப்பவருக்கும் எங்கே போகிறோம் என்று தெரியும்.

ஆனால் மொழிக் குறியில் கருவி ஏமாறுகிறது. பக்கத்தின் மொழி குறிக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. பக்கம் முழுக்கத் தமிழாக இருந்து குறி ஆங்கிலம் என்றிருந்தாலும் பச்சை. பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பான் கொண்டு திறந்தால், ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க முயன்று உளறலாம், அல்லது வாய் திறக்காமலே போகலாம். வேர்ட்பிரஸ்ஸில் செட்டிங்ஸ், ஜெனரல் பகுதியில் தள மொழியைத் தமிழ் என்று மாற்றினால் சரியாகும். நிர்வாகப் பக்கம் ஆங்கிலத்திலேயே வேண்டுமென்றால் உங்கள் பயனர் சுயவிவரத்தில் தனியாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு 4.5க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறைந்தால் அணுகல்தன்மையில் அடிபடும். மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து என்பது மங்களகரமாக இருக்கலாம், வெயிலில் நின்று ஃபோன் பார்ப்பவருக்குத் தெரியாது.

இது பார்க்காதவை

சிறுகடைக்கு மிக அதிகம் நட்டம் தருபவை இந்தக் கருவியின் கண்ணில் படுவதே இல்லை. ஃபிளெக்ஸ் பேனருக்குச் செய்த டிசைனை அப்படியே முகப்புப் படமாக வைத்திருப்பார்கள். கடைப் பெயர், விலை, ஃபோன் எண் எல்லாம் படத்துக்குள். ஃபோன் திரையில் அந்த எழுத்து எறும்பளவு. எண்ணைத் தொட்டு அழைக்க முடியாது, முகவரியை நகலெடுக்க முடியாது. படத்தைச் சுருக்கிவிட்டால் கருவி பச்சை காட்டிவிடும், குறை அப்படியே இருக்கும். ஃபோன் எண்ணை எழுத்தாக, தொட்டால் அழைக்கும் இணைப்பாக, எல்லாப் பக்கத்தின் மேலேயும் வைக்க வேண்டும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து ஏற்றிய பக்கங்கள் இன்னும் இருக்கின்றன. திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். கூகுளுக்கு அது தமிழே அல்ல. எழுத்துரு இறங்காத ஃபோனில் குப்பையாகத் தெரியும். கருவி ஒன்றும் சொல்லாது. சோதிக்க ஒரு வழி: பக்கத்தில் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டுங்கள். தமிழாக ஒட்டினால் யூனிகோடு, அதாவது எல்லா ஃபோனும் புரிந்துகொள்ளும் பொதுக் குறியீடு. இல்லையென்றால் முழுவதையும் மாற்றியாக வேண்டும், வேகமெல்லாம் அதன் பிறகுதான்.

ஸ்கேன் செய்த பி.டி.எஃப். விலைப் பட்டியலும் சோதனைக்குள் வராது. 8 எம்.பி. பி.டி.எஃப். என்றால் நம் கணக்குப்படி 40 நொடி. அதையே எழுத்தாக ஒரு அட்டவணையில் போட்டால் சில கேபி. அதேபோல வாரவிடுமுறை நாள், கடை நேரம், பழைய ஃபோன் எண் தவறாக இருந்தாலும் கருவிக்குத் தெரிய வழியில்லை. வெப்சைட்டிலும் கூகுள் பிசினஸ் புரொஃபைலிலும் பெயர், முகவரி, எண் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று கையால்தான் சரிபார்க்க வேண்டும்.

எந்த வரிசையில் செய்வது

முதலில் கருவியை ஓட்டாமல் கடை எண்ணையும் வாட்ஸப் இணைப்பையும் தொட்டுச் சோதியுங்கள். பிறகு கருவியில் எஸ்.இ.ஓ. பகுதியைப் பார்த்து, தடுப்பு டிக் இருந்தால் எடுங்கள். அடுத்து படங்கள். அடுத்து ஸ்லைடர், மேப், சாட் பெட்டி. அதன் பிறகு எழுத்துரு. கேஷ் பிளகின் கடைசியில். முதலிலேயே போட்டால் மற்ற பழுதுகளை மறைத்துவிடும். வேர்ட்பிரஸ் பழக்கம் உள்ள ஒருவருக்கு ஐந்தாறு பக்கத் தளத்தில் இது ஒரு நாள் வேலை. எதையும் தொடும் முன் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், உடனே மறுசோதனை. ஐந்தை ஒன்றாக மாற்றிவிட்டுப் பக்கம் உடைந்தால் எதனால் என்று தெரியாது.

மொபைலில் 75 வந்து, எல்.சி.பி. 3 நொடிக்குள் இருந்தால் அங்கே நிறுத்தலாம். 90க்கு மேல் போக ஸ்கிரிப்ட்டைத் தள்ளிப்போடும், சி.எஸ்.எஸ்.ஸை வெட்டும் பிளகின்களைப் போடத் தூண்டும். அவை மெனுவையும் ஆர்டர் படிவத்தையும் உடைப்பது வழக்கம். உடைந்த படிவத்தோடு 98 எடுப்பதைவிட வேலை செய்யும் படிவத்தோடு 75 எடுப்பது மேல்.

வருகை அதிகமுள்ள, மேல் பாதியில் தகவல் வரும் தளமாக இருந்தால் காலத்தையும் கணக்கில் வையுங்கள். இன்று திருத்தியது 28 நாள் சாளரம் முழுக்க நகர்ந்த பிறகுதான் அந்த எண்களில் முழுதாகத் தெரியும். தீபாவளி ஆர்டருக்கு வெப்சைட்டைச் சரிசெய்ய நினைக்கும் இனிப்புக் கடை, ஆவணியிலேயே படங்களைச் சுருக்கத் தொடங்குவது நல்லது. ஐப்பசி பிறந்த பிறகு பிளகின் எதையும் புதிதாகப் போடவோ அப்டேட் செய்யவோ வேண்டாம். பாதுகாப்புத் திருத்தம் மட்டும் விதிவிலக்கு, அதையும் இரவில் கடை மூடிய பின் செய்து, ஒரு சோதனை ஆர்டர் போட்டுப் பாருங்கள்.